பின்பட்டை வைத்த செருப்பு

போனில் பேச எனக்கு வராது. எதிரில் இருப்பவரின் முகம் தெரியாவிட்டால் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். முகம் தெரிந்தாலும் பல நேரம் அப்படித்தான். என் கணவருக்குக் கழுத்தில் ஆப்பரேஷன் நடந்த பிறகு, குஸ்திக்காரர் வீட்டுப் பெண்கள் மூன்று பேர் என் நம்பரைத் தேடி வாங்கிப் பேசினார்கள். "அக்கா, உங்க வீட்டுல எப்படி ஆரம்பிச்சுச்சு? இவுகளும் கை மரத்துப்போகுதுங்கிறாக" என்று கேட்டார்கள். "டாக்டர்ட்ட காட்டுங்க" என்பதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்தது செருப்பில்.

மாசி மாதம் ஒரு நாள் காலையில் என் கணவர் ராசாங்கம் தோட்டத்திலிருந்து வந்தார். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. வாசலில் கால் கழுவ நின்றவரைப் பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

குனிந்து பார்த்தார். "போட்டுத்தான வந்தேன்?"

நான் சிரித்துவிட்டேன். போய்ப் பார்த்தால் வாய்க்கால் கரையில் பாதி வழியில் கிடந்தது. அங்கிருந்து வீடு வரை கல்லும் முள்ளும். அவ்வளவு தூரம் ஒரு காலை வெறுங்காலாக வைத்து நடந்தது அவருக்குத் தெரியவில்லை. அன்று நான் சிரித்தது இப்போதும் என்னை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சட்டைப் பொத்தான் போட நேரமானது. பந்தலில் கொடியைக் கவாத்து வெட்டும்போது கத்திரி கையிலிருந்து நழுவியது. சாப்பிடும்போது சோறு விரலுக்கும் வாய்க்கும் நடுவில் சிந்தியது. கேட்டால், "வயசாகுதுல்ல" என்பார். அவருக்கு ஐம்பத்து மூன்று.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் குஸ்திக்கு இறங்கியவர். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் செம்மண் குழைத்துக் கோதா போடுவார்கள். குஸ்தி நடக்கிற களத்துக்குக் கோதா என்று பெயர். அதில் பணத்துக்கு இறங்குகிற ஆட்களில் இவரும் ஒருவர். வெளியூர்களுக்கும் போவார். மூன்று முறை குஸ்தியை விட்டிருக்கிறார். மகள் வயதுக்கு வந்தபோது ஒரு தடவை, அவள் கல்யாணத்தின்போது ஒரு தடவை, ஐம்பது வயது ஆனபோது ஒரு தடவை. விடுகிறவர் தன் லங்கோட்டை அனுமார் கோயிலில் சாமி காலடியில் வைத்துவிட்டு வர வேண்டும். இவருடைய மூன்று சிவப்பு லங்கோடும் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, "ஜோடிக்கு ஆள் இல்லையாம், கமிட்டிக்காரக வந்து நிக்கிறாக" என்று ஆரம்பிப்பார். வீட்டில் தையல் மெஷின் என்னுடையது. நான்காவது லங்கோட்டையும் நான்தான் தைத்தேன். "சும்மா பொட்டியில கிடக்கட்டும்" என்றார். சும்மா கிடக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தைத்தேன்.

கம்பத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். நல்ல டாக்டர். பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கையை நீட்டி, "தள்ளுங்க" என்றார். இவர் தள்ளினார். டாக்டரின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. "என் விரலை இறுக்கிப் பிடிங்க" என்றார். பிடித்தார். "அடேயப்பா, விடுங்க, எனக்கு மருந்துச்சீட்டு எழுதணும்" என்று சிரித்தார் டாக்டர். பலம் நன்றாக இருக்கிறது, நரம்புக்குச் சத்துக் குறைவு, மாத்திரை போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

ஆனால் நான் பக்கத்தில்தான் நின்றேன். இவர் குதிகாலை மேசைக் கம்பியில் மாட்டியிருந்தார். முழங்கையை விலாவில் ஒட்டி வைத்துத் தோளால் தள்ளினார். விரலைப் பிடிக்கச் சொன்னபோது விரலால் பிடிக்கவில்லை, மணிக்கட்டை மடக்கி நெருக்கினார். கோதாவில் ஒரு பக்கம் அடிபட்டால் எதிராளிக்குத் தெரியாமல் அப்படித்தான் மறைப்பார்கள். தெரிந்தால் அந்தப் பக்கத்தையே பிடித்து இழுப்பான் என்பதற்காக. முப்பது வருடப் பழக்கம். அதை அன்று டாக்டரிடமும் செய்தார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. வெளியில் ஆட்கள் வரிசையில் இருந்தார்கள், டாக்டர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார், நானும் எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் கேட்டேன். "ஏங்க, தோளக் குடுத்துத்தான தள்ளுனீக?"

"தள்ளச் சொன்னாரு, தள்ளுனேன். எதுல தள்ளணும்னு சொன்னாரா?"

மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டார். நான்காவது வாரம் வரப்பில் நடந்தவர் காரணமே இல்லாமல் விழுந்தார். கை ஊன்றி எழ முடியாமல் கிடந்தவரை நானும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் தூக்கினோம். அன்று மதியமே தேனிக்கு வண்டி பிடித்தோம்.

தேனியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் பை, பைக்குள் பழைய சீட்டுகள். நம்பர் கூப்பிடும் பெண் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் நான் கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். இவர் சுற்றி இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சுளுக்குத்தான், பாத்துட்டுப் போயிருவோம்" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார்.

உள்ளே இருந்தவர் நரம்பு, முதுகுத்தண்டு ஆப்பரேஷன் செய்கிற டாக்டர். சின்ன வயது. "விரலை விரிச்சு வைங்க ஐயா. நான் மூடப் பார்ப்பேன், விடக் கூடாது" என்றார். நான் இவர் காலைப் பார்த்தேன். குதிகால் மெதுவாக நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"டாக்டர்" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். "டாக்டர், இவுக ஏமாத்துறாக."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். என் காது சுட்டது.

"கையில பலம் இல்ல சார். தோள்ல இருந்து வருது. கால்ல பாருங்க, மாட்டியிருக்காக. கம்பத்துலயும் இப்படித்தான் செஞ்சாக. நான் சொல்லாம இருந்துட்டேன்."

"ஏய்" என்றார் இவர்.

டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இவரை உயரமான கட்டிலில் கால் தொங்க உட்கார வைத்தார். ஊன்ற இடம் கிடையாது. ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் வெடுக்கென்று முன்னால் பாய்ந்தது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீகளா, இன்னும் வேகம் போகல."

"இவ்வளவு வேகம் இருக்கக் கூடாது ஐயா" என்றார் டாக்டர். மூளை எப்போதும் காலை ஒரு கட்டுக்குள் வைத்திருக்குமாம். நடுவில் பாதை அடைபட்டால் அந்தக் கட்டு விட்டுப்போய், சின்னதாகத் தட்டினாலும் கால் துள்ளுமாம். இவர் பெருமைப்பட்ட வேகமே நோயின் அடையாளம்.

பிறகு ஒரு கையை மட்டும் தூக்கி, முழுதாக மூடி முழுதாகத் திறக்கச் சொன்னார். பத்து விநாடியில் எத்தனை முறை என்று எண்ண வேண்டும். சாதாரண ஆளுக்கு இருபது தாண்டும். அதில் தோளுக்கு வேலை இல்லை, காலுக்கும் வேலை இல்லை. ஏமாற்ற முடியாது. இவருக்கு ஒன்பது வந்தது. நாலாவது தடவையே சுண்டு விரலும் மோதிர விரலும் பின்தங்கிவிட்டன. இவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் செய்து பாருங்கள். காசு செலவில்லை.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்பது ஒரு குழாய்க்குள் படுப்பது. வலிக்காது. அசையாமல் அரை மணி நேரம் கிடக்க வேண்டும், சுத்தியலால் தகரத்தை அடிப்பது போலச் சத்தம் வரும். இவருடைய தோள் உள்ளே போகவே சிரமப்பட்டது. வெளியே வந்ததும், "அதுக்குள்ள போயி மல்லாக்கக் கிடந்தேன்டி. எவனும் என்னைய அம்புட்டு நேரம் மல்லாத்துனதில்ல" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

டாக்டர் படத்தைக் காட்டி விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கழுத்து எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. நடுவில் மெத்தை மாதிரி ஜவ்வு, அதை டிஸ்க் என்கிறார்கள். பின்னால் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம். எங்கள் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் மேல் கல்லை ஏற்றி வைத்தால் அதற்குப் பிறகு எந்தக் கொடிக்கும் தண்ணீர் போகாது. அப்படி இரண்டு இடத்தில் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை நெரிக்கிறது. எத்தனை வருடம் தலைகீழாக விழுந்திருப்பார், எத்தனை முறை கழுத்தை ஊன்றி வில்லாக வளைந்து பயிற்சி எடுத்திருப்பார். அதெல்லாம் அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிந்தது.

"இந்த நிலைமையில ஒரு தடவை கழுத்து மடங்க விழுந்தா, கழுத்துக்குக் கீழ எதுவுமே அசையாமப் போகலாம். சீக்கிரம் ஆப்பரேஷன் செஞ்சா இதுக்கு மேல கெடாமத் தடுக்கலாம். போனதுல எவ்வளவு திரும்பி வரும்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். உடை மாற்றச் சொன்னார்கள். நான் இவர் சட்டையை மடிக்கும்போது பையில் ஏதோ நொறுங்கியது. காகிதத்தில் மடித்த வெற்றிலை, இரண்டு கொட்டைப் பாக்கு. வெற்றிலை காய்ந்து சருகாகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் குஸ்திக்கு ஜோடி முடிப்பது காகிதத்தில் இல்லை. கமிட்டிக்காரர் கையிலிருந்து வெற்றிலை பாக்கு வாங்கினால் இறங்குகிறேன் என்று அர்த்தம். வேண்டாம் என்றால் வாங்கியவரே அதைத் திருவிழா அன்று கோதா ஓரத்தில், ஜனங்கள் முன்னால், தன் கையால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் கொடுத்தால் எதிராளி கோதாவில் தனியாக நின்று கையைத் தூக்குவார், ஜெயித்ததாக மைக்கில் சொல்வார்கள். இரண்டு பேரும் கொடுத்தால்தான் யாருக்கும் தோல்வி இல்லை.

"எந்தத் திருவிழாவுக்குங்க?"

"நம்ம ஊருதான். வைகாசி."

"யாரோட?"

"வீரணன்."

வீரணன் ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது. இருபது வருடமாக இவருக்கு ஜோடி. கோதாவில் ஒருவரை ஒருவர் தூக்கி எறிவார்கள், முடிந்ததும் ஒரே இலையில் சாப்பிடுவார்கள். அவரும் இரண்டு முறை விட்டவர்தான். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

"திருவிழா முடியட்டும். மறுநாளே வந்து இங்கன படுத்துக்கிறேன்" என்றார் இவர்.

"டாக்டர் சொன்னது காதுல விழுகலையா?"

"விழாம இறங்கத் தெரியும் எனக்கு. நான் போகலன்னா மைக்குல என்ன சொல்லுவாக தெரியுமா? ராசாங்கம் வரலன்னு சொல்லுவாக."

"வரலதான். அதுக்கென்ன இப்ப?"

"ஒனக்குத் தெரியாது, விடு."

ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் பத்திரம் இரண்டு நாள் கட்டில் பக்கத்துப் பெட்டி மேலேயே கிடந்தது. நர்ஸ் வந்து பார்ப்பாள், போவாள். திருப்பூரிலிருந்து மகள் தமிழரசி வந்தாள். அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. அவருடைய நாலு சட்டையை எடுத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்து, பொத்தானுக்கு அடியில் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தாள். பார்த்தால் பொத்தான் போட்ட மாதிரியே இருக்கும், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். "அப்பாவுக்கு யாரும் போட்டுவிட வேணாம்லம்மா" என்றாள். அவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் வீரணன் அண்ணனுக்குப் போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்து, அதைப் பார்த்துப் படித்தேன். மதியமே வந்துவிட்டார், கையில் ஒரு பை திராட்சையோடு.

"திராட்சைக்காரனுக்கே திராட்சையாலே?" என்றார் இவர்.

"ஒன் தோட்டத்துதாண்டா. எங்க ஊருல ரெண்டு மடங்கு வெலைக்கு விக்கிறான்." கட்டிலில் உட்கார்ந்தார். "தங்கச்சி போன்ல ஒப்பிச்சுச்சு மாப்ள. மூணாப்புப் புள்ள மாதிரி, நிறுத்தி நிறுத்தி."

இவர் என்னை முறைத்தார். நான் திராட்சையைக் கழுவப் போவது போல நகர்ந்து, கேட்கும் தூரத்திலேயே நின்றேன்.

"வெத்தலையத் திருப்பணுமாமே?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவளா பேசுனா."

"நீ குடு மாப்ள, தப்பில்ல. நான் குடுக்க மாட்டேன். எனக்கு இதுதான் கடைசி. ஒத்தையா நிக்கிறேன், கையத் தூக்கட்டும்."

"கடைசின்னு போன தடவையும் சொன்ன."

"நீ சொல்லலையாக்கும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். கட்டில் ஆடியது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து பார்த்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

அவர் போனதும் இவர் சொன்னார். "பாத்தியா? அவன் நிக்கிறான். நானும் நிப்பேன்."

நான் தரையில் வைத்த தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கக் குனிந்தேன். கட்டில் ஓரத்தில் ஒரு செருப்பு கிடந்தது. பெரிய, தோல் செருப்பு. ஒற்றை.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் ஓடினேன். ஆஸ்பத்திரிக்குள் ஓடக் கூடாது என்று யாரோ சத்தம் போட்டார்கள். வாசலுக்கு எதிரே டீக்கடையில் வீரணன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். பங்குனி வெயில். ரோட்டில் தார் இளகியிருந்தது. ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் வெறுங்காலாக அந்தத் தார் மேல் ஊன்றியிருந்தது. அவர் நிம்மதியாக டீயை ஊதிக்கொண்டிருந்தார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்ன தங்கச்சி, செருப்பத் தூக்கிட்டு வர்ற? அடிக்கவா?"

"ஒங்க செருப்புண்ணே."

குனிந்து தன் காலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அண்ணே, அந்தக் கையத் தூக்கி மூடி மூடித் திறங்க. நல்லா முழுசா. நான் எண்ணுறேன்."

நடு ரோட்டில், டீக்கடைக்காரர் பார்க்க, நான் சத்தமாக எண்ணினேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அத்தனை பேர் முன்னால் நான் சத்தம் போட்டது அன்றுதான்.

"எத்தன தங்கச்சி?"

"பன்னெண்டு."

"மாப்ளைக்கு?"

"ஒம்பது."

"அப்ப நான்தான ஜெயிச்சேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு, செருப்பை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் கையில் பிடித்தபடியே என் பின்னால் படி ஏறினார்.

வார்டில் நேராக இவர் கட்டிலுக்குப் போனார். காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தார். உள்ளங்காலில் தார் ஒட்டியிருந்தது, அதைச் சுற்றிக் கொப்புளம் எழும்பியிருந்தது.

"என்னலே இது?" என்றார் இவர்.

"தெரியல மாப்ள. சுட்டது தெரியல." செருப்பைக் கீழே போட்டுவிட்டு, "ரெண்டு பேருமாப் போயிக் குடுத்துருவோம்" என்றார்.

இவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். சம்மதப் பத்திரத்தில் போட்டது அவருடைய கையெழுத்து மாதிரியே இல்லை. கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் வீரணன் அண்ணன் காலுக்கு மருந்து போட்டு, டாக்டரிடம் சீட்டுப் போட்டுவிட்டாள்.

ஆப்பரேஷன் கழுத்தின் முன்பக்கம் வழியாகச் செய்கிறார்கள். தொண்டைக் குழாயை ஒரு பக்கம் ஒதுக்கி, பிதுங்கிய டிஸ்க்கை எடுத்துவிட்டு, எலும்புத் துண்டு வைத்துத் தகடும் திருகாணியும் போட்டு முடுக்குவார்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே நானும் தமிழரசியும் வீரணன் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் சேர்ந்து எழுந்தோம், சேர்ந்து உட்கார்ந்தோம். நான் சாமியிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த மூன்று லங்கோட்டையும் பார்த்துக்கொண்டிருக்கிற சாமியிடம் இன்னொரு முறை என்ன சொல்வது?

மறுநாள் பார்க்க விட்டார்கள். கழுத்தில் பட்டை, மூக்கில் குழாய். குரல் காற்றாகத்தான் வந்தது. அது சில வாரம் அப்படி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காதைக் கொண்டுபோனேன்.

"எண்ணு" என்றார்.

கையைத் தூக்கினார். பத்து விநாடி. ஏழு.

ஒன்பது ஏழாகிவிட்டது. நான் "ஒம்பது" என்று பொய் சொன்னேன். அவருக்கும் எண்ணத் தெரியும். உள்ளே வீக்கம் இருக்கிறது, பொறுங்கள் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தமிழரசி வாங்கி வந்த இட்லி பொட்டலம் பிரிக்காமலே ஊசிப்போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நாலாம் நாள் பத்து வந்தது. அப்போதுதான் சாப்பிட்டேன்.

வீரணன் அண்ணனுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். நெரிப்பு இருக்கிறது, இவர் அளவுக்கு இல்லை. இப்போதைக்குக் கழுத்துப் பட்டையும் பயிற்சியும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், அதுவரை ஒரு தடவைகூட விழக் கூடாது என்றார்கள். எங்களுக்குச் செலவில் பெரும்பகுதியை அரசுக் காப்பீட்டு அட்டை தாங்கியது. உங்களிடம் அட்டை இருந்தால் பெயர், வயது சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். படுத்த பிறகு அலைய முடியாது.

விரல் பயிற்சி கொடுக்க வந்த பெண் குமுளிப் பக்கத்திலிருந்து வருகிறவள். பாதி மலையாளம். இவர் பஞ்சுப் பந்தைத் தோள் கொடுத்து அமுக்கினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். "சேட்டா, குஸ்தி வேண்டா. விரல் மட்டும் மதி" என்பாள். மதி என்றால் போதும். அவள்தான் செருப்பு மாற்றச் சொன்னாள். காலில் உணர்ச்சி மெதுவாகத்தான் திரும்பும், சாதாரணச் செருப்பு கழன்றால் தெரியாது, தடுக்கி விழுந்தால் போட்ட தகடு என்னாகும் என்று யோசியுங்கள் என்றாள். தமிழரசி தேனிக் கடைவீதியில் குதிகாலைச் சுற்றிப் பட்டை வைத்த செருப்பு இரண்டு ஜோடி வாங்கி வந்தாள், ஒன்று வீரணன் அண்ணனுக்கு. பட்டையை இடுப்பு பெல்ட் மாதிரி ஓட்டையில் குத்தி மாட்ட வேண்டும். இவருக்கு மாட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலை.

வைகாசித் திருவிழா வந்தது. வெற்றிலையைத் தன் கையாலேதான் கொடுக்க வேண்டும் என்பதால் டாக்டரிடம் கேட்டு, கழுத்துப் பட்டை மாட்டி, ஆட்டோவில் அழைத்துப் போனோம். சாயங்காலம் நாலு மணி. கோதா மண்ணில் தண்ணீர் தெளித்திருந்தார்கள், அந்த வாசனை ரோட்டுக்கே வந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது இவர் மூச்சை உள்ளே இழுத்ததைப் பார்த்தேன்.

கழுத்துப் பட்டையோடு இரண்டு பேரும் போய் கோதா ஓரத்தில் நின்று சருகைக் கொடுத்தார்கள். கமிட்டிக்காரர் வாங்கிக்கொண்டார். மைக்கில் யாருக்கும் தோல்வி சொல்லவில்லை. "நம்ம ரெண்டு பயில்வான்களும் நல்லபடியா எந்திரிச்சு வந்திருக்காக" என்றுதான் சொன்னார்கள். ஜனம் கை தட்டியது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எனக்கு உடம்பு லேசானது. முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் ஜோடி இறங்கியது. மேளம் தொடங்கியது. நான் கோதாவைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன். முதலில் தொடை ஆடியது. பிறகு வலது காலைத் தூக்கி இடது முட்டி மேல் வைத்தார். கை செருப்புப் பட்டைக்குப் போனது. கோதாவுக்குள் செருப்போடு கால் வைக்க மாட்டார்கள்.

விரல் பட்டையின் நுனியைத் தேடியது. பிடித்தது. நழுவியது.

"ஏத்தா" என்று கூப்பிட்டார், என் பக்கம் திரும்பாமல். திரும்பக் கழுத்துப் பட்டை விடாது. "இத அவுத்து விடு."

"எதுக்கு?"

"சும்மா மண்ணத் தொட்டுட்டு வந்துருறேன்."

பக்கத்து நாற்காலியில் வீரணன் அண்ணனும் காலைத் தூக்கி வைத்துத் தன் செருப்புப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னது எனக்கே அந்நியமாகக் கேட்டது. "நீங்களே அவுத்தா போங்க."

அவர் குனிய முடியாது. காலைப் பார்க்காமலே தடவித் தடவி அவிழ்க்கப் பார்த்தார். முன்னால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள், மண் எங்கள் மேல் தெறித்தது. ஒரு ஜோடி முடிந்து அடுத்த ஜோடி இறங்கியது. அவர் விடவில்லை. நெற்றியில் வியர்வை இறங்கியது. நான் கை நீட்டியிருந்தால் ஒரு நொடி வேலை. என் இரண்டு கையையும் சேலைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதைப் போல ஒரு கெட்ட காரியம் நான் செய்ததில்லை. அதற்குப் பதிலாக வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்றும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஜோடி முடிந்தபோது காலைக் கீழே போட்டார். "வா, போவோம்" என்றார்.

திருவிழா முடிந்து இப்போது நாலு மாதம் ஆகிறது. தோட்டத்துக்குப் போகிறார். தண்ணீர் திறந்துவிடுகிறார். நான்காவது லங்கோட்டை அவர் கோயிலில் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியில்தான் இருக்கிறது. தினமும் காலையில் செருப்பை மாட்டிவிடுவதற்கு முன்னால் கையைத் தூக்கச் சொல்லி எண்ணுகிறேன். போன மாதம் பதினாலு. இந்த வாரம் பதினேழு. டாக்டருக்கு ரொம்பச் சந்தோஷம். நேற்று அவர் வாசலில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிடாமல், ஒரு காலின் பட்டையை ஓட்டையிலிருந்து தானே உருவிவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, அடுத்த வைகாசிக்கு எத்தனை மாதம் என்று என் விரலில் எண்ணிப் பார்த்தேன்.